சுண்டுவிரல் பல்லிகள்

கீழே வைத்தால் அது செத்துவிடும்.

வைக்காவிட்டால் கை பிய்ந்துவிடும்.

ஐயோ... ஐயோ... என்ன செய்வது இப்போது? அகலமான தட்டைக்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, முழங்கால் இரண்டும் சரளையில் குத்த, அவள் குனிந்திருந்தாள். கல்லுக்கு அடியில், ஈர மண்ணில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பல்லி. அதைத் தேடித்தான் இந்தப் பாறைச் சரிவுக்கு ஏறி வந்தாள். அதைப் பார்க்கத்தான் கல்லைத் தூக்கினாள். பார்த்தாயிற்று. இப்போது அது ஓட வேண்டாமா? ஓடவில்லை. வட்டக் கண்ணை விரித்துக்கொண்டு, கல் விழுந்தால் சரியாக நசுங்குகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"தங்கம்ல... ஓடிடு... ப்ளீஸ்டி..."

கழுத்தில் தொங்கிய கேமரா ஊஞ்சலாடி நெஞ்சில் இடித்தது. அப்பாவின் கேமரா. சொல்லாமல் எடுத்து வந்தது. மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேலே தள்ள மூன்றாவது கை இல்லை.

கல் ஒரு அங்குலம் இறங்கியது.

"விட்டுடாதீங்க!"

முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல். அவளுக்கு உயிரே போய் வந்தது.

"விடல! விடல! ஆனா விட்டுடுவேன்!"

"விடாதீங்கன்னு சொல்றேன்ல?"

"சொல்றதுக்குப் பதிலா வந்து பிடிங்களேன்!"

அவன் வந்தான். ஆனால் கல்லைப் பிடிக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்தான்! சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி பிரஷை எடுத்தான். பூனைமீசை மாதிரி மெல்லிய முடி வைத்த பிரஷ்.

"என்னங்க பண்றீங்க? எனக்கு இங்க கை போகுது!"

"வழி காட்டுறேன். அதுக்கு வழி தெரியல பாவம்."

பிரஷ் நுனியால் வாலுக்குப் பின்னால் ஒரு தடவல். பல்லி ஒரு துள்ளுத் துள்ளி அவன் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது. அப்படியே கையை வெளியே இழுத்தான்.

"இப்ப வைங்க. மெதுவா... எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சோ, அப்படியே."

அவள் கல்லை வைத்தாள். விரல்கள் விறைத்து, மூடவும் வரவில்லை, விரியவும் வரவில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைக் கல்லின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருந்தான். பல்லி தலையைத் தூக்கியது. யோசித்தது. பிறகு இறங்கி, யாரோ கதவைத் திறந்துவைத்த மாதிரி, கல்லின் இடுக்குக்குள் நடந்து போய்விட்டது.

"முதல்ல கல்லு. அப்புறம்தான் ஆளு. அது தானா நடந்து உள்ள போகணும். நாம ஆளை உள்ள விட்டுட்டுக் கல்லை மூடுனா... சட்னிதான்."

அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவ்வளவு கிட்டத்தில் ஒருவன் அவளைப் பார்த்ததே இல்லை. ஏதோ மங்கலான எழுத்தைப் படிக்கப் போகிறவன் மாதிரி ஒரு பார்வை. நன்றி சொல்ல வேண்டும்... என்ன சொல்வது... எப்படி ஆரம்பிப்பது...

"உங்க மூக்குத்தாங்கி வளைஞ்சிருக்கு" என்றான் அவன்.

"என்னது?"

"கண்ணாடிங்க. இடது பக்கம் வளைஞ்சிருக்கு. அதான் வழுக்குது. மார்க்கெட் முக்குல மாமா கண்ணாடிக்கடை. லென்ஸ் தேய்க்கிறது நான்தான். வாங்க, நிமித்தித் தர்றேன்."

முதன்முதலாக ஒருவன் அவள் கண்ணை உற்றுப் பார்த்து... மூக்குத்தாங்கி பற்றிப் பேசுகிறான்! அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அதே நேரம் பார்த்து வானமும் கொட்ட ஆரம்பித்தது.

சரிவுக்கு நடுவில் ஒரு பெரிய பாறை, குடை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதற்கு அடியில் ஓடி ஒதுங்கினார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் அவளுடைய கேமராவும் அவனுடைய பழைய கேமராவும் ஜோடியாக உட்கார்ந்துகொண்டன.

மழை பாறையின் விளிம்பிலிருந்து நூல் நூலாக இறங்கியது. ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு துளி திரண்டு, தயங்கி, விழுந்தது. அதற்கு அப்பால் உலகம் இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

"இந்த வகைப் பல்லி வேற எங்கயும் கிடையாதுங்க. இந்தச் சரிவு மட்டும்தான்" என்றான் அவன், மழையிடம் சொல்வது போல.

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். காலேஜ் போட்டோ கிளப்புல சொன்னாங்க... நம்ம ஊர்ல மட்டும் இருக்கிற ஒண்ணைப் படம் எடுத்துட்டு வாங்கன்னு. எங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஸ்டுடியோ வச்சிருக்காரு."

"ஓ... ஸ்டுடியோவா நீங்க?"

அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவன் தன் கேமராவை நீட்டினான். அதில் பல்லிகள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால்...

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பல்லி என்னத்தைத் திருடுச்சு? போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டுற போட்டோ மாதிரியே இருக்கு!"

அவன் வாய் பிளந்தான். பிறகு சிரித்தான் பாருங்கள்... தலையைப் பின்னால் சாய்த்து, பாறையில் இடித்துக்கொண்டு, "ஆ!" என்று கத்தி, அதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

"மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சா அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள், ஸ்டுடியோக்காரர் மகளுக்கே உரிய மிடுக்கோடு. "பக்கவாட்டுல ஒரு வெள்ளை தெர்மாகோல் பிடிச்சாலே போதும். வெளிச்சம் சும்மா வழிஞ்சு வரும். நான் கொண்டாறேன்."

கொண்டு வருகிறேன் என்றால் திரும்ப வருகிறேன் என்று அர்த்தம். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

"அது ஏன் கண்ணைச் சிமிட்டவே இல்ல?"

"இமை இருந்தாத்தானே சிமிட்டும்? கண்ணுல தூசி விழுந்தா நாக்கை நீட்டித் துடைச்சுக்கும்."

"அச்சச்சோ... அப்ப கண்ணடிக்கவே முடியாதா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காது மட்டும் சிவந்தது. மழைக்குத்தான் சிவந்ததோ என்னவோ.

மழை விட்டதும் எழுந்தார்கள். இறங்குவதற்கு முன் அவன் நின்றான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்த இடத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்க. இன்னிக்கு நீங்க ஒரு ஆளு, ஒரு கல்லு. நாளைக்கு ஊரே வந்து கல்லைப் புரட்டுனா இதுங்க எங்க போகும்? போறதுக்கு வேற இடமே கிடையாது."

"யார்கிட்டயும் வாயே திறக்க மாட்டேன். சத்தியமா."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இறக்கை முளைத்துப் பறந்தன.

கல்லைத் தூக்குவது கிடையாது. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் வேலை. வெயில் பாறையைத் தொட்டதும் அவை ஒவ்வொன்றாகத் தலையை நீட்டும். ஆணுக்குத் தொண்டை மஞ்சள். மஞ்சளைக் காட்டிக்கொண்டு தலையை மேலும் கீழும் ஆட்டும். "பாருங்க, பொண்ணு பாக்க வந்திருக்காரு" என்பாள் அவள். "ஸ்டுடியோ, சிரிக்காதீங்க, தெர்மாகோல் ஆடுது" என்பான் அவன். எப்போது 'நீங்க' உதிர்ந்து 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. மூக்குத்தாங்கியை அவன் என்றைக்கோ நிமிர்த்திக் கொடுத்துவிட்டான். ஆனாலும் இடது பக்கம் லேசாக வழுக்குவதாக அவள் அடிக்கடி கடைக்குப் போனாள்...

வீட்டில் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அடுப்படியில நான் விளக்குமாத்தை வச்சுக்கிட்டு விரட்டுறேன். நீ கேமராவைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயி அதையே தேடுறியா? இந்தா, டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோ!"

அப்பாவுக்குக் கேமரா விஷயம் தெரிந்தபோது அவள் நடுங்கிக்கொண்டுதான் நின்றாள். அவரோ கேமராவை வாங்கிப் படங்களைப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லாப் பிடிச்சிருக்க. ஆனா பின்னாடி ஒண்ணுமே இல்லையேடா. பேக்ரவுண்டு இல்லாத படம், வீடு இல்லாத ஆளு மாதிரி" என்றார். அந்த ஸ்டுடியோவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது வேதவாக்கு.

அடுத்த ஞாயிறு அவனை மாமா கண்ணாடி ஃப்ரேம் வாங்க வெளியூர் அனுப்பிவிட்டார். அவள் தனியாகப் போனாள். அன்றைக்குப் பார்த்து அமைந்தது அந்தப் படம்! உச்சிக்கல்லின் மேல் ஒரு மஞ்சள் தொண்டைக்காரன், ராஜா மாதிரி தலையைத் தூக்கி நிற்கிறான். அவனுக்குப் பின்னால், காலை வெயிலில், அவன் ராஜ்ஜியம் முழுவதும் விரிகிறது. குடைப்பாறை... அதற்கு அப்பால் நீலக்கோடு போட்ட தண்ணீர்த் தொட்டி... வானம்...

கிளப்பில் கைதட்டினார்கள். அப்பா நேரே போய், ஸ்டுடியோவின் முன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கல்யாண ஜோடியைக் கழற்றிவிட்டு, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அதை மாட்டினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வந்து பார்க்கட்டும்... பார்த்து என்ன சொல்வான்...

அவன் வந்தான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

"படம் நல்லா இருக்கு."

குரலே சரியில்லை.

"பின்னாடி இருக்கிற டேங்க்கும் நல்லா இருக்கு."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"பஸ் ஸ்டாண்டுல இறங்குற ஒவ்வொருத்தனுக்கும் அந்த டேங்க்கைத் தெரியும். வழி கேக்கக்கூட வேண்டாம். நேரா நடந்து போயிடலாம்."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே அப்பா இருக்கிறார். யாரோ பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

"நீ சொல்லல. படம் சொல்லுது."

"அப்ப எடுத்துப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கணுமா? முதமுதலா எங்கப்பா என் படத்தை மாட்டியிருக்காரு. உனக்குப் பொறாமை!"

"பொறாமையா? கழட்டிடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

"முடியாது. பாறை என்ன உங்க மாமா கடையா, நீ சாவி வச்சுக்க?"

அவன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். அந்தப் பழைய பார்வை... மங்கலான எழுத்தைப் படிக்கிற பார்வை. இந்த முறை படிக்க முடியவில்லை போல. திரும்பிப் போய்விட்டான்.

போகட்டுமே! யாருக்கு என்ன? அவள் அன்று முழுவதும் யாரும் கேட்காமலே பாட்டுப் பாடினாள். மறுநாள் பாடவில்லை. அதற்கு மறுநாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேண்டுமென்றே மூக்குத்தாங்கியை வளைத்தாள். வளைத்துவிட்டு, கடைக்குப் போகாமல் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தாள். அவன்தான் வரட்டுமே முதலில்... நான் ஏன் போக வேண்டும்...

அடுத்த வாரம் அப்பா சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பையன் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் கேட்டான்.

"அக்கா, வெளிய இருக்கிற பல்லிப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆமா. தோளை நேரா வை."

"சூப்பர்க்கா! டேங்க்கைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. நேத்து நாங்க எல்லாரும் போனோம். இருக்கிற கல்லைப் பூரா புரட்டிட்டோம்க்கா, நாலஞ்சுதான் சிக்குச்சு. பாட்டில்ல போட்டோம். வீட்டுக்கு வர்றதுக்குள்ள செத்துப்போச்சு. எப்படிக்கா உங்களுக்கு மட்டும் போஸ் குடுத்துச்சு?"

அவள் விரல் ஷட்டரில் இருந்தது. அழுத்த வரவில்லை.

"அக்கா? சிரிக்கலாமா?"

"சிரிக்காத" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "சிரிக்காத. நேரா பாரு."

எப்படி எடுத்தாள், எப்படிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள், தெரியாது. பையன் போனதும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து படத்தைக் கழற்றினாள். சுவரைப் பார்த்துத் திருப்பிச் சாய்த்தாள். கதவைச் சாத்திவிட்டு ஓடினாள்.

சரிவு, சரிவாகவே இல்லை.

ஒரு கல்கூடத் தன் இடத்தில் இல்லை. மண்ணைப் பார்த்து இருக்க வேண்டிய ஈரமான கறுப்பு முகங்களெல்லாம் வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. ஒரு தண்ணீர் பாட்டில் காலியாக உருண்டுகொண்டிருந்தது.

அங்கே அவன் இருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

ஓடிவிடலாமா? கால் திரும்பிவிட்டது. பிறகு அவளே அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மேலே போகவில்லை. சரிவின் அடிவாரத்தில் மண்டியிட்டு, முதல் கல்லைத் தூக்கினாள். எந்தக் கல் எங்கே இருந்தது? உற்றுப் பார்த்தால் தெரிந்தது. ஒவ்வொரு கல்லும் தன் அச்சை மண்ணில் விட்டிருந்தது, எழுந்துபோன ஆள் படுக்கையில் விட்டுப்போகிற பள்ளம் மாதிரி. பாசி படிந்த முகம் மேலே. ஈர முகம் கீழே. அடியில் யாராவது இருக்கிறார்களா? இல்லை. வை. அடுத்தது. இருக்கிறார்களா? இல்லை. அடுத்தது...

ஒவ்வொரு 'இல்லை'க்கும் நெஞ்சில் ஒரு கல் ஏறியது.

அவன் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தான். அவள் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, மேகம் திரண்டு, சரிவு முழுவதும் சாம்பல் நிறமாயிற்று. நடுவில் ஒரு கல்தான் மிச்சம். கதவுப்பலகை அகலம். தனியாள் தூக்க முடியாதது. நாலைந்து பேர் சேர்ந்துதான் புரட்டியிருப்பார்கள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"சொல்லலைன்னு சொன்னேன்ல..." அவள் குரல் உடைந்தது. "சொல்லிட்டேன். வாயால சொல்லல, அவ்வளவுதான். அன்னிக்கே தெரிஞ்சுது எனக்கு. நீ சொன்னப்பவே தெரிஞ்சுது. ஒத்துக்கத்தான் மனசு வரல. நாலஞ்சு செத்துப்போச்சாம்..."

அவன் கண்களை மூடித் திறந்தான்.

"பிடி" என்றான். "கனம். விரலைப் பாத்து."

குனிந்தார்கள். அப்போதுதான் அவள் பார்த்தாள். கல்லின் கறுப்பு முகத்தில், ஒரு சின்னக் குழிவில், ஒட்டவைத்த மாதிரி இரண்டு வெள்ளை மணிகள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் பக்கத்தில். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

"இது...?"

"முட்டை." அவன் குரல் அடங்கிவிட்டது. "கல்லோட ஒட்டித்தான் வைக்கும். நேத்துலேர்ந்து வெயில்ல கிடந்திருக்கு."

"உயிரோட இருக்குமா?"

அவன் கல்லின் விளிம்புக்கு அடியில் விரலைக் கொடுத்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லைத் தூக்கினார்கள். தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி, அங்குலம் அங்குலமாகத் திருப்பி, மண்ணில் இருந்த அதன் அச்சுக்குள் இறக்கினார்கள். கல் தன் இடம் வந்ததும் ஒரு சின்னச் சத்தத்தோடு பொருந்திக்கொண்டது.

முதல் துளி அவள் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி இடது பக்கமாக வழுக்கியது.

"திரும்ப வளைஞ்சிருக்கு" என்றான் அவன்.

"நான்தான் வளைச்சேன்."

"ஏன்?"

"நிமித்திவிட ஆள் இருக்கான்னு பாக்க."

அவன் சிரிக்கவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்தான். மழை அவன் தலைமுடியில் இறங்கி, புருவத்தில் நின்று, சொட்டியது.

"எனக்குக் கோவம்தான். இன்னும் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "ஆனா காலையில இதையெல்லாம் பாத்ததும் முதல்ல யார்கிட்ட ஓடிப்போயி சொல்லணும்னு தோணுச்சு தெரியுமா? உங்கிட்ட. உம்மேலதான் கோவம், உங்கிட்டயே சொல்லி அழணும்னு இருக்கு... இதை என்னன்னு சொல்றது?"

அவளும் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அதேதான்" என்றாள், கல்லைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பையன் சொன்னதும், அப்பாகிட்டப் போகல, அம்மாகிட்டப் போகல. நீ இங்க இருப்பேன்னு தெரியாது. ஆனா உங்கிட்டதான் ஓடி வந்தேன். எனக்கு உன்னைப் பிடிக்கும். ரொம்ப. சொல்லிட்டேன். நீ திட்டணும்னா இப்ப திட்டிக்கோ."

அவன் திட்டவில்லை. கையை நீட்டி அவள் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினான். கட்டைவிரலால் மூக்குத்தாங்கியைத் தடவிப் பார்த்து, லேசாக அழுத்தி, நிமிர்த்தி, சட்டையின் உள்பக்கத்தில் ஈரத்தைத் துடைத்து, திரும்ப அவள் முகத்தில் பொருத்தினான். அவ்வளவுதான். ஆனால் உலகத்துக்கே யாரோ விளிம்பு வரைந்துவிட்ட மாதிரி எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"எனக்கும் பிடிக்கும்" என்றான். "பொரியற வரைக்கும் தினமும் வரலாமா?"

தலையாட்டினாள். பிறகு, பயந்துகொண்டே, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"உள்ள உயிர் இருக்கான்னு பாக்க வழியே இல்லையா?"

"இருக்கு. முட்டைக்குப் பின்னாடி சின்ன வெளிச்சம் காட்டுனா தெரிஞ்சிடும். ஆனா அதுக்குக் கல்லைத் தூக்கணும்."

"வேண்டாம்."

"வேண்டாம்" என்றான் அவனும்.

அவன் கை வந்து, அவள் கைக்குப் பக்கத்தில், அதே கல்லின் மேல் அமர்ந்தது. மழை வலுத்தது. சரிவெங்கும் கற்கள் நனைந்து கறுத்தன. அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இதுவரை வந்ததில்லை. இவ்வளவு பயமும் வந்ததில்லை. இரண்டும் ஒரே இடத்தில் துடித்தன. அந்த இருட்டில், இந்தக் கனத்துக்கு அடியில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிற அந்த இரண்டு வெள்ளை மணிகளுக்குள்...

துடிக்கிறதா?